ஓர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போவது எப்படி? முழுமையான வழிகாட்டி

போன வருடம் என் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, கேஷ்ங்கிறது நம்ம காசுதானே?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி அகராதியைத் திறந்து பார்த்தால் அது பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி சரி என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது, ஆனால் அந்த இரண்டு நாளில் நான் கற்றுக்கொண்ட முறைதான் இன்று வரை எனக்கு உதவுகிறது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கேஷ் கதையைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முந்தைய படிகள் எல்லாம் வேண்டும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு சொற்கள் காதுக்கு ஒரே மாதிரி கேட்பது சந்தேகத்துக்குக் காரணம், அவ்வளவுதான். சாட்சி வேண்டுமென்றால் ஆண்டு வேண்டும், வந்த வழி வேண்டும், பொருள் எப்படி மாறியது என்ற தடம் வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் நிஜமாகவே நிறைய இருக்கின்றன. ஆதாரமில்லாத நூறு சொற்களை அவற்றோடு சேர்த்துப் பரப்பினால், உண்மையான பத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

தேவையான கருவிகள்

முதல் கருவி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, அதாவது பல தொகுதிகளாக வந்த பெரிய அகராதி. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகும் சின்னது இதற்குப் போதாது. 1857இல் லண்டன் மொழியியல் சங்கத்தில் பேச்சு ஆரம்பித்து, 1884இல் முதல் பகுதி வந்து, 1928இல்தான் முடிந்தது. இவ்வளவு காலம் ஏன் ஆனது என்றால், ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டு எந்த நூலில் முதலில் தென்படுகிறது, அடுத்து எங்கே, அப்போது என்ன பொருள் என்று மேற்கோளோடு காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே தன் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துகொண்டார். ஊர் ஊராக இருந்த வாசகர்கள், தாங்கள் படித்த புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி அவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகள்தான் இன்று நமக்குக் கிடைக்கும் சாட்சிகள்.

இணையத்தில் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். காசு இல்லாமல் பார்க்க டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய எடிம்ஆன்லைன் தளம் போதும், தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது. இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி வேண்டும். அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனையில் இருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் பட்டியல் போட்டவர், புத்தகம் அச்சாகி வருவதற்கு நான்கு வருடம் முன்பே இறந்துவிட்டார். கடைசியாக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பர்ரோவும் எமனோவும் செய்த திராவிட வேர்ச்சொல் அகராதியும். இவை இரண்டும் ஹாப்சன் ஜாப்சனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

முதல் படி: ஆண்டைப் பிடியுங்கள்

சொல்லைத் தேடியதும் வேர் எது என்று பார்க்கக் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில், எழுத்தில் எப்போது தென்படுகிறது என்பதை நோட்டில் குறியுங்கள். 1600க்கு முன்னால் இங்கிலாந்தில் புழங்கிய ஒரு சொல்லைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கொண்டுபோயிருக்க முடியாது, கம்பெனி பிறந்ததே 1600இல்தான். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வதந்திகள் விழுந்துவிடும்.

அகராதிப் பதிவில் சில குறிகள் இருக்கும். இடப்பக்கம் கூரான முக்கோணக் குறி வந்தால் "இதிலிருந்து வந்தது" என்று அர்த்தம். ஒரு சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்தது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நட்சத்திரம் போட்ட வடிவத்தைக் கண்ணால் பார்த்த சொல் போல மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம்.

இரண்டாம் படி: எந்த வாசல் வழியாக வந்தது?

ஆங்கிலத்துக்குச் சொற்கள் வந்த பெரிய வாசல்கள் நான்கு. ஒன்று, ஆங்கிலோ சாக்சன்கள் கொண்டுவந்த பழைய ஜெர்மானியக் குடும்பச் சொத்து. இரண்டு, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகள். மூன்று, 1066இல் நார்மன்கள் ஜெயித்த பிறகு வந்த பிரெஞ்சும், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த லத்தீனும். நான்கு, கப்பல்.

பழைய வீட்டுச் சொற்களை அடையாளம் காண ஒரு விதி இருக்கிறது, 1822இல் யாக்கோப் கிரிம் அதைத் தெளிவாக எழுதினார். லத்தீனில் ப என்று ஆரம்பிப்பது ஆங்கிலத்தில் ஃப ஆகும், த என்பது பல்லிடுக்கில் நாக்கை வைத்துச் சொல்லும் த ஆகும், க என்பது ஹ ஆகும். லத்தீன் "பாதெர்" இங்கே "ஃபாதர்", "த்ரேஸ்" இங்கே "த்ரீ", "கொர்னு" இங்கே "ஹார்ன்". ஒன்றிரண்டு சொல்லில் மட்டும் அல்ல, வரிசையாக நடக்கிறது பாருங்கள், அதுதான் உறவுக்கு அத்தாட்சி. சும்மா ஒலி ஒத்துப்போவதற்கும் உறவுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

வைக்கிங் வாசலுக்கு "ஸ்க" என்ற ஒலி நல்ல அடையாளம்: ஸ்கை, ஸ்கின், ஸ்கர்ட். ஸ்கர்ட்டும் ஷர்ட்டும் ஒரே வேர்தான், ஒன்று வைக்கிங் வாயில் வந்தது, இன்னொன்று உள்ளூர் வாயில் வளர்ந்தது. "எக்" என்பதும் வைக்கிங் சொல்லே. அச்சகர் வில்லியம் கேக்ஸ்டன் 1490இல் ஒரு சம்பவம் எழுதிவைத்திருக்கிறார். தேம்ஸில் காற்று இல்லாமல் கப்பல் நின்றுபோய், வியாபாரிகள் கரையிறங்கி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள். ஒருவர் "எக்ஸ்" வேண்டும் என்கிறார். வீட்டுக்கார அம்மா தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். கேட்டவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! இன்னொருவர் "ஐரன்" என்று கேட்ட பிறகுதான் அந்த அம்மாவுக்கு முட்டை என்று புரிகிறது. வடக்கத்திச் சொல்லும் தெற்கத்திச் சொல்லும் ஒரு வாசற்படியில் மோதிக்கொண்ட இந்தக் காட்சியை நான் எத்தனை தடவை படித்தாலும் அலுக்கவில்லை.

"விண்டோ"வையும் இங்கேயே பார்த்துவிடலாம். வைக்கிங் மொழியில் அது "விந்த்அவுகா", காற்றுக்கண். கூரையிலும் சுவரிலும் காற்றுக்காக விட்ட ஓட்டை. நம் பழைய தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் "மான்கண் காலதர்" என்றே வருகிறது, மானின் கண் போன்ற வடிவில் செய்த காற்றுவழி. அங்கேயும் காற்று, கண். இங்கேயும் காற்று, கண். ஆனாலும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லக் கூடாது. ஒலியில் ஒட்டு உறவே இல்லை, இரண்டு ஊர் மனிதர்களும் ஒரே பொருளைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: பொருள் நடந்த தடத்தைப் பாருங்கள்

வடிவம் கிடைத்தாலும் பொருள் பொருந்தாமல் குழம்பும். உதாரணமாக "நைஸ்". லத்தீனில் "நெஸ்கியுஸ்" என்றால் ஒன்றும் தெரியாதவன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள் என்று பொருள். பிறகு எதற்கும் நுணுக்கம் பார்க்கிறவர், பிறகு நுட்பமானது, பிறகு நயமானது, கடைசியில் இன்று நாம் சொல்லும் நல்லது. "சில்லி" இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது: ஆசி பெற்றவர், கள்ளமில்லாதவர், பாவம் இரங்கத்தக்கவர், பிறகு அசடு.

இது நமக்குப் புதிதா என்ன? நாற்றம் என்றால் முன்பு நறுமணம். "கருப்பூரம் நாறுமோ" என்று ஆண்டாள் கேட்டது இன்றைய பொருளிலா? ஆகவே அகராதியில் பழைய பொருள் விசித்திரமாகத் தெரிந்தால் தப்பு என்று தள்ளிவிடாதீர்கள். நடுவில் உள்ள படிக்கட்டுகளைத் தேடுங்கள். படிக்கட்டு ஒன்றுகூட இல்லாமல் ஒரே தாவாகத் தாவினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

"மீட்" என்றால் முன்பு எந்த உணவும் மீட்தான். "டீர்" என்றால் எந்த விலங்கும், ஜெர்மன் மொழியில் இன்றும் "டீர்" என்றால் விலங்கு. "கேர்ள்" என்பது ஆரம்பத்தில் ஆணோ பெண்ணோ, குழந்தை. "மசில்" லத்தீனில் குட்டி எலி. புஜத்தை மடக்கி நீட்டிப் பாருங்கள், தோலுக்கடியில் என்ன ஓடுகிறது என்று தெரியும்.

நான்காம் படி: எழுத்தும் பொய் சொல்லும்

கடன் என்று பொருள்படும் "டெட்" என்ற சொல்லில் ஒலிக்காத ஒரு பி இருக்கிறதே, அது ஆரம்பத்தில் இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது பி இல்லாமல்தான் வந்தது. படித்தவர்கள் லத்தீன் "தெபிதும்" நினைவுக்கு வந்து பின்னால் செருகினார்கள். "ஐலண்ட்" இன்னும் மோசம்: அது பழைய ஆங்கிலச் சொல், அதில் எஸ் கிடையாது, "ஐல்" என்ற வேறொரு பிரெஞ்சுச் சொல்லோடு குழப்பி எஸ் போட்டுவிட்டார்கள்.

சொல்லின் எல்லையே நகர்ந்துபோவதும் உண்டு. "ஏ நேப்ரன்" என்று சொல்லிச் சொல்லி "அன் ஏப்ரன்" ஆனது. "அன் ஈக்நேம்" என்பது "ஏ நிக்நேம்" ஆனது. ஆரஞ்சுக்கும் இதுதான் நடந்தது, ஆனால் ஆங்கிலத்தில் இல்லை, அதற்கு முன்பே. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் இன்றும் முதலில் அந்த ந என்ற எழுத்து இருக்கிறது, இத்தாலியும் பிரான்ஸும் தாண்டும்போது உதிர்ந்துவிட்டது. சமஸ்கிருதச் சொல்லே திராவிடத்திலிருந்து போனது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஊறுகாய் ஜாடியில் இருக்கும் நாரத்தங்காயை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இனிக்கிற கதைகளைச் சோதியுங்கள்

ஒரு சொல்லின் கதை மிக அழகாக, முழுசாக, ஒரு வரியில் முடிகிறதா? உஷாராகுங்கள். முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சொல் பிறந்தது என்ற கதைகளில் பெரும்பாலானவை பின்னால் கட்டியவை. ரேடார், லேசர் எல்லாம் நிஜமாகவே அப்படிப் பிறந்தவைதான், ஆனால் அவை இருபதாம் நூற்றாண்டுச் சொற்கள். அதற்கு முன்பு அந்தப் பழக்கம் அபூர்வம். "நியூஸ்" நான்கு திசைகளின் முதலெழுத்து இல்லை, "நியூ" என்பதன் பன்மை, புதியவை. "போஷ்" என்பது இந்தியாவுக்குப் போகும் கப்பலில் நிழல் பக்கத்து அறைச் சீட்டில் குத்திய நான்கு எழுத்து என்பார்கள். அப்படி முத்திரை குத்திய ஒரு சீட்டுகூட இதுவரை கிடைக்கவில்லை. பகட்டாக உடுத்துகிறவனை "போஷ்" என்று அழைக்கும் கொச்சை வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது.

"சாலரி" கொஞ்சம் நுணுக்கமானது. லத்தீன் "சலாரியும்", அதன் வேர் "சல்", உப்பு. இது வரை உறுதி. ஆனால் ரோமச் சிப்பாய்களுக்கு உப்பை அளந்து சம்பளமாகக் கொடுத்தார்கள் என்பதற்குப் பழங்காலச் சான்று எதுவும் இல்லை. வேர் சரி, கதை சரியில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதப் பழகுங்கள்.

ஆறாம் படி: தமிழ்க்கரையிலிருந்து போனவை

இங்கே நடுவில் ஒரு தரகரை எப்போதும் தேட வேண்டும், பெரும்பாலும் போர்த்துக்கீசியர். மாங்காய், தேக்கு இரண்டும் நம் பக்கத்து மொழிகளிலிருந்து, மலையாளக் கரை வழியாக, போர்த்துக்கீசியர் வாயில் மங்கா, தேக்கா ஆகிப் பிறகு ஆங்கிலத்துக்குப் போனவை.

"கறி" நல்ல பயிற்சி. 1598இல் லின்ஷோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் ஆங்கிலத்தில் வந்தது. இந்தியர்கள் மீனைக் குழம்பாக வேகவைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், சற்றுப் புளிப்பாக இருந்தாலும் ருசியாக இருக்கிறது, அதன் பெயர் "கரியேல்" என்று அதில் இருக்கிறது. நம் வீட்டு மீன்குழம்பேதான்! 1747இல் ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் செய்முறையே வந்துவிட்டது. இப்போது பொறி எங்கே என்று பாருங்கள்: சுமார் 1390இல் இங்கிலாந்து அரசரின் சமையற்காரர்கள் எழுதிய நூலின் தலைப்பிலேயே "க்யூரி" என்ற சொல் இருக்கிறது. அதை வைத்துக் கறி இங்கிலாந்தின் சொந்தச் சொல் என்பவர்கள் உண்டு. ஆனால் அது சமையல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். வேறு வேர், வேறு வழி. ஒலி ஏமாற்றுவது நம் பக்கம் மட்டும் இல்லை.

இஞ்சிக்கு வழி இன்னும் பழையது. இஞ்சிவேர், பாலி மொழியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ், லத்தீன் தாண்டி "ஜிஞ்சர்". இஞ்சியின் முன்னால் பழங்காலத்தில் ஒரு சகரம் இருந்து, தமிழில் உதிர்ந்துபோனது என்று மொழியியலாளர்கள் கொள்கிறார்கள். சமஸ்கிருதத்தில் இதைச் சிருங்கவேர என்று ஆக்கி, கொம்பு போன்ற உடல் உடையது என்று விளக்கம் சொன்னார்கள். வேர் வெளியிலிருந்து வந்தது என்பது மறந்துபோனால் எந்த மொழியும் இப்படி ஒரு விளக்கம் செய்துகொள்ளும். "ரைஸ்" அரிசியா என்று எல்லோரும் கேட்பீர்கள். கிரேக்க "ஒரூசா" வரை தடம் தெளிவு, அதற்கு அப்பால் ஈரானிய மொழிகள் வழியா, திராவிடம் வரை போகுமா என்பதில் அறிஞர்கள் பிரிந்துதான் நிற்கிறார்கள். நோட்டில் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

முழுசாக ஒரு சொல்: கட்டுமரம்

எல்லாப் படியையும் இதில் ஏறிப் பார்க்கலாம். ஆண்டு: பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கில எழுத்தில் தென்படுகிறது, 1697இல் மாலுமி வில்லியம் டேம்பியர் தன் பயண நூலில் விவரிக்கிறார். வழி: சோழமண்டலக் கடற்கரை, நேராக. பொருள்: லேசான மரத்துண்டுகள் ஒன்றிரண்டு சேர்ந்தது, ஒரே ஆள் உட்காரலாம், அவர் கால் எப்போதும் தண்ணீரில் என்கிறார் டேம்பியர். இதற்கு மேல் சாட்சியே வேண்டாம், நம் மீனவர் அப்படியே கண்ணெதிரே வருகிறார்.

பிறகுதான் சொல் கடலில் இழுபட்டது. 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகளை ஆங்கிலேயர்கள் மிதக்கவிட்டார்கள், அவற்றுக்கும் இதே பெயர். அதே நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணை ஏசவும் இந்தச் சொல்லை வைத்தார்கள், "கேட்" என்று பூனை போல ஒலித்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் இரண்டு உடல் கொண்ட பந்தயப் படகு கட்டினார். இன்று உலகம் "கேட்டமரான்" என்றால் நினைப்பது அந்த ஜாதிப் படகைத்தான். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. பிறகு மூன்று உடல் படகு வந்தபோது "ட்ரைமரான்" என்றார்கள். கட்டு என்பதை வெட்டிவிட்டு மரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள், வெட்டியது எந்த இடத்தில் என்று தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி கேஷ்

ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் இரண்டு "கேஷ்" உண்டு. இரண்டும் 1590களில் எழுத்தில் வருகின்றன. ரொக்கம் என்று நாம் சொல்லும் கேஷ், லத்தீன் "கப்சா" என்ற பெட்டியிலிருந்து, இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது; முதலில் பணப்பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணம். கேஷியர் அந்தப் பெட்டிக்காரர். கடைக்காரர் "கேஷா, கார்டா?" என்று கேட்பது இந்தப் பெட்டியைத்தான், அதில் நம் காசு இல்லை.

இன்னொரு கேஷ், தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். அது நம் காசேதான், போர்த்துக்கீசியர் வழியாகப் போனது. போர்த்துக்கீசிய மொழியில் பெட்டிக்கும் ஏறக்குறைய அதே ஒலிதான் என்பதால், இரண்டும் ஒன்றுபோல் உருண்டுவிட்டன. சென்னை மாகாணத்தின் பழைய கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808 என்று ஆண்டு பொறித்து, சென்னைக்காக இங்கிலாந்தில் அடித்த 20 காசு செப்பு நாணயங்களில் ஆங்கில எழுத்திலேயே "கேஷ்" என்று இருக்கும். அவற்றை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அள்ளி எடுத்தார்கள்.

அந்த நாணயத்தின் படத்தை அண்ணன் மகளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ கடைல கேட்கிற கேஷ் வேற, இது வேற, சரிதானே?" என்றாள். சரிதான். இப்போது அவள் "மல்லிகடானி" சூப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் "செரூட்" என்பதில் ஆரம்பியுங்கள். சுருட்டு என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அப்புறம் நோட்டை எடுத்து முதலில் ஆண்டைத் தேடுங்கள்.